பிஸ்கட் பேணிக்குள் கிடக்கும் வெள்ளைக்காரன் சல்லி



பழைய காசுக்கு லட்சக்கணக்கில் விலை என்று சொல்லும் வீடியோக்கள் பரவத் தொடங்கிய பிறகு, "சேர், இதுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று எங்களுக்குப் படம் அனுப்புவோர் கூடிவிட்டார்கள். தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறோம்.

இந்த விஷயத்தை நாங்கள் தேடிப் படித்தது மூத்தம்மா வபாத்தான பிறகுதான். மூத்தவாப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957 வரை அந்தத் தளம் பிரித்தானியரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் அவர் சேர்த்த 31 காசுகள் ஒரு பிஸ்கட் பேணிக்குள் இருந்தன. பழைய இரும்பு வாங்க வந்த வியாபாரி ஒருவர், பேணியோடு 3,000 ரூபா தருவதாகச் சொன்னார். கொடுத்துவிடுவோம் என்றார் மாமி. கணவனை இழந்து பிள்ளைகளோடு இருப்பவர். அவருக்கு அன்றைக்கு அது பெரிய சல்லி. ஆனால் மௌத்தானவர் விட்டுச்சென்ற ஊசியும் வாரிசுச் சொத்துத்தானே? என்னவென்றே தெரியாத பொருளை எப்படிப் பங்கு வைப்பது? ஒரு கிழமை தவணை கேட்டோம்.

முதல் விஷயம், காசை மினுக்க வேண்டாம். தேசிக்காய், புளி, சாம்பல் எதுவும் வேண்டாம். மினுக்கிய காசைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

எழுத்து தேய்ந்திருந்தாலும் அளவு பொய் சொல்லாது. அடிமட்டமும் நகைக்கடைத் தராசும் போதும். 1860க்குப் பிந்திய பிரித்தானியப் பென்னி ஏறக்குறைய 31 மில்லிமீற்றர் அகலம், 9.4 கிராம் நிறை. அரைப் பென்னி 25.5 மில்லிமீற்றர். பார்திங் 20 மில்லிமீற்றர். தேய்ந்த காசு நிறையில் கொஞ்சம் குறையும்.

அடுத்து, அறையை இருட்டாக்கி, டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த முகமும் நிழலில் எழும்பும். முகம் வலப்பக்கம் பார்த்தால் ஏழாம் எட்வேர்டாகவோ எலிசபெத்தாகவோ இருக்கும். இடப்பக்கம் பார்த்து, தாடியும் இருந்தால் ஐந்தாம் ஜோர்ஜ். தாடி இல்லாவிட்டால் ஆறாம் ஜோர்ஜ். கொண்டையோ முக்காடோ தெரிந்தால் விக்டோரியா. பென்னியின் பின்பக்கம் ஒரு பெண் சூலத்தோடு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் நாட்டுக்கென்று அடித்த காசும் கலந்திருக்கும். சதக் கணக்கு இங்கே 1872இல் வந்தது. அந்தச் செப்புச் சதங்களில் பனை போன்ற மரமும், சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதியும் இருக்கும். அதற்கு முந்திய அரைப் பார்திங் 1828இல் இலங்கைக்கென்றே அடிக்கப்பட்டது. 1842இல்தான் அது பிரித்தானியாவிலும் செல்லுபடியானது.

வெள்ளி நிறக் காசில்தான் சல்லி இருக்கிறது. ஆண்டைப் பாருங்கள். 1920க்கு முந்திய ஷில்லிங், புளோரின், அரைக் கிரவுண் எல்லாம் 92.5 வீதம் வெள்ளி. 1920 முதல் 1946 வரை அரைவாசி வெள்ளி. 1947 முதல் வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும்தான். காந்தம் இரண்டிலும் ஒட்டாது. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

எங்கள் பேணியில் 9 காசுகள் வெள்ளி. மற்றதெல்லாம் தேய்ந்த செம்பு. சேகரிப்பவருக்கும் பெரிய விலை இல்லாதவை. வெள்ளியை இரண்டு நகைக்கடையில் நிறுத்துக் கேட்டோம். வியாபாரி சொன்னதைவிடப் பல மடங்கு கிடைத்தது. முதலில் முறைப்படி பங்கு கணக்கிட்டோம். பிறகு வாப்பாவும் சாச்சாவும் மஷூரா செய்து, தங்கள் பங்கையும் மாமிக்கே விட்டுக்கொடுத்தார்கள். தங்கள் பங்கு இவ்வளவு என்று தெரிந்துகொண்டு, மனம் விரும்பிக் கொடுத்தார்கள். மாமியும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். செப்புக் காசுகளை எல்லோரும் சேர்ந்து பாடசாலைக்குத் தந்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகள் அவற்றை அளந்து, நிறுத்து, யாருடைய காலம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னும் மூன்று விஷயங்கள். பழைய பென்னி 1971இல் செல்லாததாகிவிட்டது. வங்கியில் மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் போடுங்கள்" என்பவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். கிணறு, அத்திவாரம் தோண்டும்போது பழங்காசு கிடைத்தால் விற்காமல் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மண்ணுக்குள்ளிருந்து வரும் தொல்பொருள் சட்டப்படி அரசுக்குரியது. பிள்ளைகளோடு கொழும்புக்குப் போனால், கோட்டையில் மத்திய வங்கியின் அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள்.

உங்கள் வீட்டுப் பேணியைப் பார்க்கவேண்டுமென்றால், சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். தராசும் டோர்ச்சும் இருக்கும். நாங்கள் காசு வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. வாரிசுகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால், இயன்றவரை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.