எங்கள் ஜில்லாவின் சபாரி

அன்று காலைப் பலகாரம் முடிவதற்குள் "சபாரி" என்னும் சொல்லை என் தங்கையின் கணவர் பதினேழு தடவை உச்சரித்துவிட்டார். எண்ணிக்கொண்டிருந்தவன் நான்தான். இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு எண்ணுவதும் திருத்துவதும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும் வியாதிகள் அல்லவா?

மாப்பிள்ளை சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். சென்ற கோடையில் மனைவி, மகன் சகிதமாகக் கென்யா தேசத்துக்குப் போய், மஸாய் மாரா என்னும் புல்வெளியில் சிங்கங்களைக் கண்டு திரும்பியவர். பகலெல்லாம் வழிகாட்டியுடன் ஜீப்பில் சுற்றியதையும், இரவில் முகாமில் நீண்ட மேஜை போட்டுப் பல தேசத்தாரும் ஒரே குடும்பத்தார் போல் உட்கார்ந்து உண்டதையும் அவர் வர்ணித்தபோது, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில், "பாவம், உங்கள் பக்கத்தில் இந்த மாதிரி ஒன்றும் கிடையாது" என்றாரே, அது சுருக்கென்று தைத்துவிட்டது.

"ஏன் கிடையாது, மாப்பிள்ளை? இன்று பிற்பகலே புறப்படலாம். வழிகாட்டியும் உண்டு, ராத்திரி பந்திச் சாப்பாடும் உண்டு" என்றேன்.

"சிங்கம் இருக்குமா, மாமா?" என்று கேட்டான் பன்னிரண்டு வயதுள்ள என் மருமகப்பிள்ளை.

"நண்டு இருக்கும்."

பையனின் முகம் தொங்கிப்போயிற்று.

என் மனைவி வீட்டுக் காவலுக்கு நின்றுவிட்டாள். நான், என் தாயார், தங்கை, மாப்பிள்ளை, பையன் ஆகிய ஐவரும் சிதம்பரத்திலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே ஆயிரத்து நூறு ஹெக்டேர் அளவில் பரந்து கிடக்கும் அலையாத்திக் காடு அது. காட்டுக்குள் நடக்க வழியில்லை; தண்ணீரே வீதி, தண்ணீரே சந்து. துடுப்புப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். படகோட்டிக்கு நாற்பது வயது இருக்கலாம். முதல் கால்மணி நேரம் அவர் வாய் திறக்கவில்லை. அகலமான கால்வாயைக் கடந்து, மரங்கள் இரு பக்கமும் கவிந்து கூரையிட்ட ஒரு சந்துக்குள் படகு நுழைந்த பிறகுதான், "தம்பி, கையை வெளியே நீட்டாம உட்காரு. அந்தா நிக்குதே, அது தில்லை மரம். அதன் பால் கண்ணில் பட்டா எரிச்சல் தாங்காது" என்றார்.

நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். தில்லை! சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம். தில்லைவனம், தில்லைக் கூத்தன் என்று வகுப்பில் வருஷந்தோறும் பாடம் சொல்கிறவன், அந்த மரத்தை இன்னதென்று தெரிந்து பார்த்தது அன்றுதான். ஊருக்குள் இருந்த காடு அழிந்து, பெயர் மட்டும் கோயிலோடு தங்கிவிட்டது. மரமோ இங்கே உப்புத் தண்ணீரில் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. வெட்கத்தை மறைத்துக்கொண்டு, எனக்கு முன்பே தெரிந்த விஷயம் போல் தலையை அசைத்து வைத்தேன்.

அதன் பிறகு படகோட்டி ஆசிரியராகிவிட்டார். நான் கடைசி பெஞ்சு மாணாக்கன். சுரபுன்னை மரத்தின் வேர்கள் அடிமரத்திலிருந்தே வளைந்து இறங்கிப் பொய்க்கால் போல் மரத்தைத் தாங்கி நிற்பதைக் காட்டினார். கண்டல் மரத்தடியில் சேற்றைப் பிளந்துகொண்டு ஆயிரக்கணக்கான பென்சில்கள் போல் மேல்நோக்கி நிற்பவையும் வேர்கள்தானாம். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வெளியே தலை நீட்டி மூச்சு விடுகின்றனவாம். அந்த மரத்தின் இலை ஒன்றைப் பறித்துப் பையனிடம் நீட்டி, "நக்கிப் பாரு" என்றார். உப்புக் கரித்தது. வேர் வழியே ஏறிய உப்பை இலை வியர்வை போல் வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு சுரபுன்னைக் கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்கியவற்றைக் காட்டினார். விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, நீண்டு வளர்ந்த பிறகே விழுகிறது. விழுந்த இடத்தில் சேறு கிடைத்தால் ஊன்றிக்கொள்கிறது. என் தாயார் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பிள்ளையைக் கொஞ்சம் தேற்றித்தான் வெளியே அனுப்புகிறது, பார்" என்றாள்.

ஜீவராசிகளுக்கும் குறைவில்லை. மடையான்களும் வெண்கொக்குகளும் கரையோரம் தவம் செய்தன. நீர்க்காகம் ஒன்று பட்டுப்போன கிளையில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. மீன்கொத்தி நீலக் கோடாகப் பறந்தது. ஆனால் பையனின் மனத்தைக் கவர்ந்தவை சேற்றில் இருந்தன. உடம்புக்குப் பொருந்தாத ஒற்றைப் பெருங்கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டும் நண்டுகள்; அப்படிக் காட்டுவது ஆண் நண்டுதான். தண்ணீரை விட்டு வெளியே வந்து, முன்துடுப்புகளை முழங்கை போல் ஊன்றிச் சேற்றில் துள்ளி ஓடும் மீன்கள். "மீன் நடக்கிறது, அப்பா!" என்று பையன் கத்தியதில், நீர்க்காகம் கோபித்துக்கொண்டு போயிற்று. மாப்பிள்ளை காமிராவை எடுத்தார். சபாரி என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அந்தச் சொல்லைப் பற்றி நானும் சிறிது சொல்லவேண்டும். ஸ்வாஹிலி பாஷையில் அதற்குப் பிரயாணம் என்றுதான் பொருள். துப்பாக்கியை அதோடு சேர்த்தவர்கள் வெள்ளைக்காரப் பிரபுக்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குச் சபாரி போனபோது, அவரும் அவர் மகனுமாகச் சுட்டு வீழ்த்தியவை ஐந்நூற்றுப் பன்னிரண்டு. கென்யா அரசாங்கம் வேட்டையை அடியோடு தடுத்தது 1977-ல்தான். துப்பாக்கி இருந்த கைகளில் இன்று காமிரா இருப்பது நல்ல மாறுதலே.

பிச்சாவரத்துக்கும் இப்படி ஒரு பழைய கதை உண்டு. இங்கே சுடப்படவில்லை, வெட்டப்பட்டது. பிரிட்டிஷார் காலத்தில் முறை வைத்துக் காட்டைப் பட்டை பட்டையாக வெட்டினார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அவ்வழக்கம் சில காலம் நீடித்தது. மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் அமிழ்ந்து, தாம்பாளம் போலாயிற்று. உள்ளே வந்த கடல் நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, உப்பு ஏறி, புதுக் கன்று எதுவும் பிழைக்கவில்லை. பின்னர் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து, மீன்முள் போலக் கிளைக்கும் வாய்க்கால்களை வெட்டி, அலை ஏறி இறங்க வழி செய்தார்கள். காடு திரும்ப வந்தது. 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ஜாபிதாவிலும் சேர்ந்துவிட்டது.

"2004-ல் சுனாமி வந்த அன்று எங்கே இருந்தீர்கள்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

படகோட்டி துடுப்பை நிறுத்தினார். "இங்கேதான் சார், மீன் பிடிச்சுக்கிட்டு. தண்ணி ஏறினதும் ஒரு சுரபுன்னையைக் கட்டிக்கிட்டேன். காட்டுக்குப் பின்னால இருந்த எங்க குடிசை நின்னுது. கடற்கரையோரம் இருந்த என் அக்கா வீடு நிக்கலை." மேலே அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்ற பெயருக்குப் பாஷ்யம் வேண்டியிருக்கவில்லை.

கரை சேர்ந்ததும், "ராத்திரி எங்கே?" என்று அவர் விசாரித்தார். வடலூர் என்றதும் முகம் மலர்ந்தது. "தைப்பூசத்துக்கு எங்கம்மா என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கு. நாங்க மீன் திங்கிறவங்க, அதனால சபைக்குள்ள போகலை. ஆனா சாலையில சோறு போட்டாங்க. நீ என்ன திம்பேன்னு ஒருத்தரும் கேக்கலை."

இது வடலூரின் நுட்பமான விஷயம். இராமலிங்க சுவாமிகள் 1872-ல் எழுப்பிய எண்கோண வடிவமான சத்திய ஞான சபைக்குள் புலால் மறுத்தவர்களே புகலாம். ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்னதாகவே, 1867 மே 23-ஆம் தேதி, அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலைக்கு அந்த நிபந்தனை இல்லை. பசி என்று வந்தவனிடம் ஜாதி, மதம், தேசம், நடத்தை ஒன்றையும் விசாரிக்கக்கூடாது என்பது அவர் வகுத்த முறை. சபைக்கு முன் சாலை; தரிசனத்துக்கு முன் சோறு. இந்த வரிசையை அவர் யோசித்தே செய்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

புவனகிரி, குறிஞ்சிப்பாடி வழியாக வடலூரை அடைந்தபோது இருட்டிவிட்டது. பார்வதிபுரத்து ஜனங்கள் தானமாக எழுதிக் கொடுத்த எண்பது காணிப் பெருவெளியில் மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் அடுப்பைப் பார்த்தோம். இருபத்தோரடி நீளம், இரண்டரையடி அகலம். தொடங்கிய நாளில் மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை என்பதனால் அதற்கு அணையா அடுப்பு என்று பெயர். பையன் கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தான்.

பந்திக்கு ஜனங்கள் உட்காரத் தொடங்கினார்கள். காவி கட்டிய சாதுக்கள், கட்டட வேலை முடித்து வந்த கூலியாட்கள், இரண்டு குழந்தைகளோடு ஒரு தாய், எங்களைப் போன்ற யாத்திரிகர்கள். மாப்பிள்ளை மட்டும் தூணருகே தயங்கி நின்றார். "தப்பாக நினைக்கவேண்டாம். காசு கொடுத்துச் சாப்பிட வசதியுள்ளவர்கள் நாம். பசித்தவன் சோற்றில் பங்குக்கு உட்காருவது நியாயமா? காணிக்கை செலுத்திவிட்டு ஹோட்டலுக்குப் போகலாமே" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்கு உடனே பதில் தோன்றவில்லை.

என் தாயார் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தாள். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்கள் மாமனார் ஒரு வருஷம் முழுக்க இங்கே சாப்பிட்டவர், மாப்பிள்ளை. அரிசி கிடைக்காமல் ஊரெல்லாம் திண்டாடிய அறுபத்தைந்தாம் வருஷம். இந்த ஊரில் ஒரு தூரத்து உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். திண்ணை கொடுத்தவர்களால் சோறு கொடுக்க முடியவில்லை. அதைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. சம்பளம் வந்த பிறகு, தை மாதம் தவறாமல் ஒரு மூட்டை அரிசி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்."

மூட்டை எனக்குத் தெரியும். அதைக் கடையிலிருந்து தூக்கி வந்து பஸ்ஸின் கூரைக்கு ஏற்றியவனே நான்தான். ஏதோ வேண்டுதல் என்று எண்ணியிருந்தேன். அவர் காலமாகி ஐந்து வருஷமாகிறது. வேண்டுதல் அவரோடு முடிந்தது என்று தீர்மானித்து, ஐந்து தை மாதங்களாக நான் ஒன்றும் அனுப்பவில்லை. தாயாரும் என்னிடம் கேட்டதில்லை.

மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் வந்து, கூலியாள் ஒருவருக்கும் பையனுக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சுடு சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, ரசம். உப்புச் சற்றுக் குறைவுதான். அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். பக்கத்துக் கூலியாள் பையனைப் பார்த்து, "ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கு தம்பி, பனிக்கு நல்லது" என்று உபசரித்தார், தம் வீட்டு விருந்தாளியைப் போல. மாப்பிள்ளை இரண்டாந் தடவையும் சோறு வாங்கிக்கொண்டார். நான் ஒரு கவளத்தை விழுங்குவதற்குப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அதிகாலையில் அவர்களை ரயில் ஏற்றப் போனேன். வண்டி புறப்பட இரண்டு நிமிஷம் இருக்கையில் மாப்பிள்ளை ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மச்சான், மாமா எந்தக் கடையில் அந்த அரிசி வாங்குவார்?" என்று கேட்டார்.

கடையின் பெயரைச் சொன்னேன். "ஆனால் இந்தத் தைக்கு என் முறை" என்றேன்.

"அப்படியானால் இரண்டு மூட்டை" என்றார். வண்டி நகர்ந்தது.