நடக்காத போட்டிக்கு 589 மில்லியன் டாலர்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்றபோது எனக்கு அந்தத் திட்டம் மிகவும் பிடித்திருந்தது. மெல்பர்னையே சுற்றாமல் ஜீலாங், பல்லாரட், பெண்டிகோ, கிப்ஸ்லாண்ட் என வெளியூர்களில் நடத்துவதாகச் சொன்னார்கள். அங்குள்ள விடுதிக்காரர், உணவகக்காரர், உள்ளூர் விளையாட்டு மன்றம் என எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

முதல் மதிப்பீடு 2.6 பில்லியன் டாலர். 2023 ஜூலையில், செலவு 6 பில்லியனைத் தாண்டும் என்று சொல்லி முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் போட்டியைக் கைவிட்டார். இழப்பீடு மட்டும் 380 மில்லியன்.

அடுத்த மார்ச்சில் மாநிலத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. வீணாய்ப் போன மக்கள் பணம் 589 மில்லியனுக்கு மேல். தொடக்கத் திட்ட அறிக்கையே செலவைக் குறைத்தும் பலனைக் கூட்டியும் காட்டியிருக்கிறது. அதைவிட வேதனை, ரத்துக்குச் சொன்ன பெரிய தொகையும் மிகைதான் என்கிறது தணிக்கை. இரண்டு பக்கமும் பொய்த்த கணக்கு!

ரத்தை அறிவித்தபோதே வெளியூர்களுக்கு வீடு, மைதானம், சுற்றுலா என்று 2 பில்லியனும் அறிவித்தார்கள். நல்லது. போட்டி இல்லாவிட்டாலும் அந்த ஊர்களுக்குச் சேர வேண்டிய பணம் அது.

எந்த அரசும் இப்படியொரு போட்டிக்குக் கையெழுத்திடும் முன்பே தணிக்கையாளர் கணக்கைப் பார்க்க வேண்டும், சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.