சனிக்கிழமைக் கூலி

நாகலூர், ஏற்காடு

அன்புள்ள யாழினிக்கு,

நீ ஹாஸ்டலில் நடுராத்திரி தாண்டியும் லேப்டாப்பை மூடுவதில்லை என்று உன் அம்மா புலம்புகிறாள். தூக்கம் கெட்டால் விட்டுப்போன கமாகூடக் கண்ணில் படாது. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. மீதியெல்லாம் அப்புறம்.

அராபிகா காபிப் பழம் சிவந்துவிட்டது. பனி விலகுவதற்குள் பறிப்புக்கு ஆள் வந்துவிடுகிறது. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கியாக வேண்டும் என்பதால் உன் அப்பா இருட்டும்வரை பல்பர் பக்கமே நிற்கிறான். கூலிக் கணக்குக்கு அவனுக்கு நேரமில்லை என்றுதான் நீ பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தாய். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! அந்தப் பெருமையில்தான் இப்போது திட்டப் போகிறேன்.

எரர் வந்ததும் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, எங்கேயோ கிடைத்ததைக் கொண்டுவந்து ஒட்டுகிறாயே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடு. பிளஸ் டூ புத்தகத்தில் பைத்தான் வந்ததிலிருந்து நான் பாடம் சொல்லித்தருகிற பிள்ளைகளிடமும் இதையேதான் பார்க்கிறேன். சிவப்பு எழுத்தைக் கண்டதும் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். கடைசி வரியை முதலில் படி. என்ன தப்பு என்பது அங்கே இருக்கும். எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். 'நேம் எரர்' என்றால் பெரும்பாலும் ஒரு பெயரை எழுத்து மாற்றி அடித்திருப்பாய். 'இன்டென்டேஷன் எரர்' என்றால் வரியின் உள்தள்ளல் சீராக இல்லை. காட்டிய வரியில் தப்பே தெரியவில்லையா? அதற்கு மேல் வரியைப் பார், ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும். 2021-இல் வந்த 3.10 முதல் பைத்தானே அந்த மூடாத குறியைச் சுட்டிக் காட்டுகிறது. அப்பாவின் கணினியில் இருப்பது அதற்கு முந்தையது, நினைவில் வை.

முதலில் 38 கிலோவும் 41 கிலோவும் சேர்ந்து 3841 ஆனதே, அது ஏன் தெரியுமா? 'இன்புட்' வாங்கித் தருவது எண் அல்ல, எழுத்து. 'இன்ட்' அல்லது 'ஃப்ளோட்' கொண்டு எண்ணாக மாற்றிய பிறகுதான் கூட்ட வேண்டும். தமிழில் பெயர்கள் எழுதிய கோப்பு விண்டோஸில் அடம்பிடித்தால், திறக்கும் இடத்திலேயே 'யூடிஎஃப்-8' என்று குறிப்பிட்டுவிடு.

இதெல்லாம் தானே வெளியே தெரிந்துவிடுகிற தப்புகள். என் கவலை வேறு. 'ரேஞ்ச்' என்று போட்டு 1, 6 என்று எழுதியிருந்தாய். அது ஐந்தோடு நின்றுவிடும். ஆறு நாள் பறிப்பில் சனிக்கிழமை கணக்கிலேயே வரவில்லை. எரர் எதுவும் இல்லை, பட்டியல் அழகாக வந்து நின்றது. அப்பா நோட்டோடு ஒத்துப் பார்த்ததால் தப்பித்தோம். இல்லாவிட்டால் ஈரச் சரிவில் நின்று பறித்த அத்தனை பேருக்கும் ஒருநாள் கூலி போயிருக்கும். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்றால் அவர்கள் எதிர்த்துக் கேட்கவும் தயங்குவார்கள், கண்ணு. ஓடுகிற ஸ்கிரிப்ட் எல்லாம் சரியான ஸ்கிரிப்ட் ஆகிவிடாது.

அதனால் இப்படிச் செய். இரண்டே பேர், ஆறு நாள், ஆளுக்குத் தினம் பத்துக் கிலோ என்று வைத்து ஓட்டு. 120 வராவிட்டால் எங்கோ கோளாறு. சுழற்சிக்குள் ஒரு 'பிரிண்ட்' போட்டால் எந்த நாள் விடுபட்டது என்று கண்முன்னே தெரியும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மாற்றுமுன் பழையதை ஒரு பிரதி எடுத்து வை.

லீவில் வந்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்றாயே, அதை மறந்துவிடாதே. தமிழ்வழியில் படிக்கிற சின்னப் பிள்ளைகள் ஆங்கில எரரைப் பார்த்தே மிரண்டு போவார்கள். அவர்களுக்கு முத்து அண்ணாமலை 2007-இல் தொடங்கிய 'எழில்' மொழியில் ஆரம்பி. அதுவும் பைத்தானைக் கொண்டு எழுதப்பட்டதுதான். திரையில் காட்ட 'பதிப்பி' என்றும், ஒரு பகுதியை மூட 'முடி' என்றும் எழுதினால் போதும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மனதில் பதிந்துவிட்டால், பிறகு பைத்தானின் உள்தள்ளல் அவர்களைப் பயமுறுத்தாது.

இனி எரர் வந்தால் எனக்குத் திரையின் போட்டோவை மட்டும் அனுப்பாதே. என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, கடைசி வரி என்ன சொல்கிறது என்று மூன்றையும் எழுதி அனுப்பு. எழுதும்போதே பாதி தடவை விடை உனக்கே தெரிந்துவிடும். அப்போதும் தெரியாவிட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் இருக்கிறேன்.

இந்த வாரக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்கிறோம். 'ரேஞ்ச்'சில் இருக்கிற அந்த ஆறை ஏழாக்கி, நான் சொன்ன 120 சோதனையையும் பார்த்துவிட்டு, வெள்ளிக்குள் அனுப்பிவிடு. நானும் அப்பாவும் ஒவ்வொரு பெயராக நோட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுப்போம்.

அன்புடன்,
அத்தை