மலைநீரும் உப்புக் கிணறும்: ஜவ்வாது மலையிலிருந்து ராணிப்பேட்டை வரை

கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகும் அதில் கரைந்த உப்பு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. அந்த நீரை ஆற்றிலோ வயலிலோ விட்டால், உப்பு மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. தமிழ்நாட்டில் இதன் விளைவைக் கண்கூடாகக் காணும் இடங்களில் முதன்மையானது பாலாற்றுப் படுகை. அதற்குத் தெற்கே நிற்கிறது ஜவ்வாது மலை. மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கி, ஆம்பூர், மேல்விஷாரம் கடந்து ராணிப்பேட்டை வரை போகும் சாலையில், நல்ல தண்ணீர் எங்கே பிறக்கிறது, எங்கே கெடுகிறது என்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் மலைக்கு நடுவூர். மலையாளி என்ற பழங்குடி மக்கள் இங்கே சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள். புளியும் தேனும் சேகரிக்கிறார்கள். செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. சமவெளியில் நெடுந்தூரம் ஓடி, காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மலையின் வடசரிவு ஓடைகள் அதற்கு முன்பே பாலாற்றை நோக்கி இறங்கிவிடுகின்றன.

இந்த மலை கடினப்பாறையால் ஆனது. மழைநீரைத் தேக்கி வைப்பவை பாறைக்கு மேலுள்ள சிதைந்த மண்ணடுக்கும் பாறையின் வெடிப்புகளும்தான். தேங்கும் அளவு குறைவு. ஆனால் வழியில் உப்பு சேர வாய்ப்பும் குறைவு. ஜமுனாமரத்தூர் அருகே பீமன் நீர்வீழ்ச்சியில் விழுவதும், சரிவுகளில் கசிந்து ஓடையாவதும் காட்டு மழைநீரே. மலைக்காடு அடர்த்தியாக இருந்தால் மழை நின்று இறங்கும். காடு மெலிந்தால் வெள்ளமாக ஓடி மறையும். கீழேயுள்ள கிணறுகளில் சேரும் உப்பைக் கரைத்து நீர்க்கச்செய்ய இயற்கை அனுப்பும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது.

ஜமுனாமரத்தூரிலிருந்து மேற்கே வரும் சாலை காவலூரைத் தொடுகிறது. காவலூருக்குப் பிறகு சாலை ஆலங்காயத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து வாணியம்பாடி கிட்டத்தில்தான்.

வாணியம்பாடியில் பாலாறு எதிர்ப்படுகிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இந்த ஆற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது என்பதே சரி. ஆனாலும் அந்த மணல் தலைமுறை தலைமுறையாக மழைநீரைச் சேமித்து, ஊற்றுக்கால்களாலும் கிணறுகளாலும் நெல்லையும் தென்னையையும் வளர்த்தது. மணல் நீரை விரைவாக உள்வாங்கும். நல்ல நீரா கெட்ட நீரா என்று பிரித்துப் பார்க்காது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் வளர்ந்தவை. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் இது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு தூவி அடுக்குகிறார்கள். கிடங்கில் ஒரு தோலை எடுத்து உதறினால் பழுப்பேறிய கல்லுப்பு தரையில் உதிர்வதைக் காணலாம். உதறாத உப்பெல்லாம் முதல் ஊறலிலேயே தண்ணீரில் கரைந்துவிடுகிறது. பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, அமிலம், குரோமியம், சாயம் என்று ஒவ்வொரு படியிலும் ரசாயனங்கள் சேர்கின்றன. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது.

இந்தக் கழிவுநீருக்காக ஊர்தோறும் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. முதலில் சல்லடையில் முடியும் சதையும் பிரிகின்றன. அடுத்து ரசாயனம் கலந்து கசடைத் தொட்டியின் அடியில் படியவைக்கிறார்கள். குரோமியத்தின் பெரும்பகுதி அந்தக் கசடோடு போய்விடுகிறது. பிறகு காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைத் தின்கின்றன. வெளியே வரும் நீரில் நாற்றம் குறைந்திருக்கும், நிறமும் தெளிந்திருக்கும். உப்பு மட்டும் போகாது. ரசத்தை எத்தனை முறை வடிகட்டினாலும் உப்பு குறையாததைப் போலத்தான் இதுவும். குடிநீரில் உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். வெளியேற்றும் கழிவுநீருக்கான வரம்பு 2,100. தோல் கழிவுநீரில் இது 10,000-ஐத் தாண்டுவது வழக்கம். மேற்கண்ட எந்தப் படியும் அதைக் குறைப்பதில்லை.

வறண்ட ஆற்றில் விடப்படும் இந்த நீர் கலந்து கரைவதற்கு அங்கே வேறு நீரோட்டம் இல்லை. நேராக மணலுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகள் இறைக்கும் திசையில் நகர்கிறது. கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும்போது கல்சுவரில் வெள்ளைப் பொருக்கு படிகிறது. அந்த நீரைப் பாய்ச்சிய வயலில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மேல்மண்ணில் தங்குகிறது. அதிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து மண்ணை இறுகச்செய்கிறது. வேருக்குக் காற்றும் நீரும் போவதில்லை. தென்னை மட்டை காய்ந்து, குரும்பை உதிர்கிறது. கரிமக் கழிவை நுண்ணுயிரிகள் காலப்போக்கில் அழித்துவிடும். உப்பை அழிக்க எந்த உயிரும் இல்லை. நல்ல மழையும் ஆற்றுவெள்ளமும் வந்து அலசினால்தான் குறையும். 2021 நவம்பரில் வந்ததுபோன்ற பெருவெள்ளம் பாலாற்றில் எப்போதாவதுதான் வரும். ஆற்றங்கரையில் இருந்துகொண்டே இந்த ஊர்களுக்கு மேட்டூரிலிருந்து குழாய் வழியே காவிரி நீர் கொண்டுவர வேண்டியிருந்ததே, இழப்பு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றதற்கு இத்தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் 547 தொழிற்சாலைகள் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தர வேண்டுமென்று தீர்மானித்தது. அதற்குப் பிறகும் பிரச்சினை ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, நிலுவை இழப்பீட்டை அரசே கொடுத்து மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், பாலாற்றை மீட்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. கால் நூற்றாண்டு காத்திருந்த உழவர்களுக்கு இது மிகத் தாமதமான நீதி.

கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற விதி இடையில் நடைமுறைக்கு வந்தது. நொய்யல் ஆற்றைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கும் இதே விதிதான். சுத்திகரித்த நீரை ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்தி, நல்ல நீரைத் திரும்பத் தொழிலுக்கே எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச்செய்கிறார்கள். இதற்கு எரிபொருள் செலவு அதிகம். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு எளிதில் விலைபோவதில்லை. மூட்டைகளாகக் கொட்டகைகளில் குவிகிறது. கொட்டகை ஒழுகினாலோ, செலவுக்கு அஞ்சி யாரேனும் இரவில் குழாயைத் திறந்துவிட்டாலோ, உப்பு மறுபடி மணலுக்கே போய்ச் சேரும்.

ஆகவே உப்பைத் தண்ணீரில் கரையவிடாமல் தடுப்பதே முதல் வேலை. ஊறப்போடும் முன் தோலை இயந்திரத்தில் உதறி உப்பைப் பிரிக்கலாம். முதல் ஊறல் நீரை மட்டும் தனியே எடுத்து வெயில் பாத்திகளில் உலர்த்தலாம். அறுத்த தோலைக் குளிரூட்டி, உப்பே தூவாமல் பதனிடுமிடத்துக்கு அனுப்பலாம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உப்பைக் குறைக்கும் முறைகளில் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயில் நீரைச் சோதிப்பதோடு நில்லாமல், கரையோரக் கிணறுகளின் உப்பளவையும் ஊர் மக்கள் படிக்கும்படி மாதந்தோறும் எழுதிவைக்க வேண்டும். மலைக்காட்டைக் காத்து ஓடைகளையும் ஏரி வரத்துக்கால்களையும் திறந்துவிட்டால், படிந்த உப்பை அலசும் மழைநீர் படுகைக்கு வந்து சேரும். மேலும் உப்பு சேராமல் நிறுத்தினால்தான் அந்த மழைக்குப் பலன் இருக்கும்.