ஒட்டுத் தெரியாத படம்

லென்ஸுக்குள் ஒரேயடியாக அடங்காத காட்சியைத் துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் ஒட்டினால் கிடைப்பது பனோரமா. சிப்பிகாட்டின் நீர்ப்பரப்பு அப்படி அடங்காத காட்சி. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் இந்தப் பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வயல்களில் புகுந்த கடல்நீர் திரும்பிப் போகவில்லை. இன்று அங்கே அலையாத்தியும் பட்ட மரக்கட்டைகளும் நிற்கின்றன. நடுவே அந்தமான் கிளுவை வாத்துகள் மேய்கின்றன.

வேலையில் பாதி கணினிக்கு வரும் முன்பே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு படமும் முந்தையதன் மீது மூன்றில் ஒரு பங்காவது படிய வேண்டும். எக்ஸ்போஷர், ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் மாறாமல் பூட்டிவிட வேண்டும்; தானியங்கியில் விட்டால் வெயில் பக்கத்து வானம் ஒரு நிறம், எதிர்ப்பக்கத்து வானம் வேறு நிறம்.

பலரும் கோட்டை விடும் இடம் சுழற்சி. கேமராவைக் கையில் பிடித்து உடம்பைத் திருப்பினால், லென்ஸ் முதுகெலும்பைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. சாலையோரக் கம்பம் முதல் படத்தில் தூரத்துத் தென்னைக்கு இடப்பக்கம் நிற்கும், அடுத்ததில் வலப்பக்கம் தாவியிருக்கும். இந்தத் தாவலை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. முக்காலியில் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி, கம்பமும் தென்னையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாத புள்ளியைக் கண்டுபிடித்து, அதை அச்சாக வைத்துத்தான் சுழற்ற வேண்டும். பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் வெறுங்கையே போதும்.

இனி மென்பொருளின் முறை. டேவிட் லோ 1999இல் வெளியிட்ட 'சிஃப்ட்' முறை, அளவும் கோணமும் மாறினாலும் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைப் படத்தில் தேடுகிறது. அந்த வழியில் அவரும் மேத்யூ பிரவுனும் ஒட்டும் வேலையைத் தானியங்கியாக்கினார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஹ்யூகின், ஹெல்முட் டெர்ஷ் எழுதிய கருவிகளின் மேல் எழுந்தது. சிப்பிகாட்டில் இவற்றைத் தடுமாற வைப்பது தண்ணீர்தான். சிற்றலை ஒவ்வொரு நொடியும் வேறு; அதில் விழுந்த புள்ளிகளைக் கையால் அழித்துவிட்டு, மரக்கட்டையிலும் கரையிலும் புதிதாக வைக்க வேண்டும். ஒட்டும் கோட்டில் ஒரு கிளுவை நீந்திப் போயிருந்தால் அது இரண்டாகவோ தலையில்லாமலோ வரும். கோட்டைப் பறவையிலிருந்து விலக்கி வரைவதே வழி.

கணினி இல்லாத காலத்திலும் இந்தக் கலை உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 1858இல் 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் 19 அடி. அவர் கேமராவைச் சுழற்றவில்லை, சுவரோரமாகவே நகர்த்திக்கொண்டு போனார். தட்டையான சுவருக்கு அது சரி. ஆழமுள்ள சிப்பிகாட்டில் அப்படி நகர்ந்தால் கம்பம் தாவும்.

கல்வெட்டு அசையாது, ஓதம் அசையும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் நீர் ஏறியிருந்தால், ஒட்டிய படம் காட்டும் கரை எந்த நொடியிலும் இருந்ததில்லை. ஆவணமாகப் பனோரமா எடுப்பவர்கள், ஒட்டு முடிந்ததும் அசல் துண்டுகளை அழித்துவிட வேண்டாம். எடுத்த நேரத்தோடு அவற்றையும் சேர்த்து வையுங்கள்.