ஈரத்தடம்

ஒரகடம் கூட்ரோடு பக்கம், ஷூவுக்கு இன்சோல் செய்து தரும் சின்னக் கடையில் வேலை பழகச் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்க ஒரே வேலைதான். வருகிறவர் காலை நனைத்து, பழுப்புத் தாளில் நிற்கவைத்து, ஈரம் காய்வதற்குள் பென்சிலால் தடத்தைச் சுற்றி வரைய வேண்டும். விரல்களை விட்டுவிட்டுத் தடத்தை நீளவாக்கில் மூன்று சம பங்காக்கி, நடுப்பங்கின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுப்போம். 0.21 வரை உயர்ந்த வளைவு; 0.26-ம் அதற்கு மேலும் தட்டை. 1987-ல் கவனா, ராட்ஜர்ஸ் இருவரும் வகுத்த கணக்கு இது. கடை மாஸ்டர் தடத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். நான் தடத்தின் மேல் கட்டம் போட்டு எண்ணுவேன்.

"சின்ன வயசுல வெறுங்கால்ல திரிஞ்சியாப்பா?" என்று எல்லோரையும் கேட்பார். காரணம் இருக்கிறது. ராவ், பெஞ்சமின் ஜோசஃப் இருவரும் 2,300 இந்தியக் குழந்தைகளைப் பார்த்து 1992-ல் எழுதினார்கள்: காலணி போட்டவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம்தான்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். தொழிற்சாலை லைனில் ஷிஃப்ட் முழுக்க சேஃப்டி ஷூவோடு நிற்பவர்கள். சிலர் ஷிஃப்ட் முடித்துவிட்டு ராணுவத் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறார்கள். தட்டைப் பாதம் என்று மெடிக்கலில் கழித்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களை விடுவதில்லை.

அப்படி வந்த ஒரு தம்பிக்குத்தான் முதன்முதலாக நான் தனியாக இன்சோல் செய்தேன். தடம் முழுத் தட்டை. ஃபோமை மூன்று அடுக்கு ஒட்டி உயரமாகத் தேய்த்துக் கொடுத்தேன். நாலாம் நாள் நொண்டிக்கொண்டு வந்தான். "அண்ணா, உள்ள கல்லு வெச்ச மாதிரி குத்துது."

மாஸ்டர் அவனைச் சுவரைப் பிடித்து நுனிக்காலில் நிற்கச் சொன்னார். என்னைத் தரையில் உட்காரவைத்தார். குதிகால் எழும்ப எழும்பப் பெருவிரல் மடங்கியது. அது இழுத்த இழுப்பில் உள்ளங்கால் நார்ப்பட்டை விறைத்தது. தட்டையாகக் கிடந்த பாதம் என் கண்ணெதிரே வில்லாக வளைந்தது. "இளகின பாதம்டா. எதுக்கு முட்டுக்கொடுக்குற?" என்றார். நுனிக்காலில் வளைவு திரும்பி, வலியில்லாமல் ஓட முடிந்தால் ராணுவ மருத்துவ விதியும் ஏற்றுக்கொள்ளும் என்று அவனுக்கும் விளக்கினார்.

இப்போது தடம் எடுத்தபின் ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்கவும் சொல்கிறேன். அந்தத் தம்பி 25 தாண்டினான். அடுத்து வந்தவனுக்கு அழகான வளைவு. பதினொன்றிலேயே கால் நடுங்கியது. அமெரிக்கத் தரைப்படையில் பயிற்சி பெற்ற 246 பேரை ஆராய்ந்து 1993-ல் வெளியான ஆய்விலும், மிகத் தட்டையான பாதக்காரர்களுக்குத்தான் காயம் குறைவு. தலைகுனிந்து ஷூவைக் கழற்றும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

தம்பியின் இன்சோலில் இரண்டு அடுக்கைச் சீவி எடுத்தோம். விடியக்காலையில் வல்லக்கோட்டை ரோட்டில் ஓடுகிறான்.