அம்மாவின் ரேகை, அப்பாவின் நம்பர்

ஜெராக்ஸ் கடைக் கணினியில் டவுன்லோட்ஸ் என்ற இடத்தைத் திறந்தால் தெருவில் பாதிப் பேருடைய ஆதார் அங்கே கிடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்புகிறோம், நகலை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கோப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. இ-ஆதாருக்குக் கடவுச்சொல் உண்டுதான். ஆனால் அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும். "பேரு, பொறந்த வருஷம் சொல்லுங்கண்ணா" என்று கடைப் பையன் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழக் கேட்கிறான். அவன்மேல் தப்பில்லை, வேலை நடக்க வேண்டும். அச்செடுத்ததும் நின்று, கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டு வர வேண்டியவர்கள் நாம்தான்.

*

முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரை, அதை வழங்கும் ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விடுதி அறைக்கும் வாடகை வீட்டுக்கும் அதைக் கொடுத்துப் பழக்குவது நல்லது. நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எதற்காக, எந்தத் தேதியில் என்று படத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனால் போகட்டும், அதில் சொன்ன புத்தி சரியான புத்தி.

*

எனக்கு அதிகம் கவலை அம்மா வயதில் உள்ளவர்களைப் பற்றித்தான். ஓடிபி சொல்லாதே என்று அவர்களிடம் ஓயாமல் சொல்கிறோம். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறைக்கு ஓடிபியே கிடையாது. ஏடிஎம் கார்டும் வேண்டாம், கணக்கு எண்ணும் வேண்டாம். பேங்க் எது, ஆதார் எண் என்ன, ரேகை, இவ்வளவுதான். கிராமத்தில் முதியோர் உதவித்தொகையும் நூறு நாள் வேலைக் கூலியும் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறதென்றால் இந்த முறையால்தான். அது பெரிய வசதி. ஆனால் ரேகையையும் நகல் எடுக்க முடிகிறது. நிலம் விற்ற பத்திரத்தில் ஆதார் எண்ணும் பெருவிரல் ரேகையும் ஒன்றாக இருந்தால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்? 2018-ல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து போலி ரேகை செய்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளுக்கு உயிர் கொடுத்த ஒருவர் பிடிபட்டார்.

கடவுச்சொல் போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது, பூட்டத்தான் முடியும். ஆதார் செயலியிலேயே ரேகையையும் கருவிழியையும் பூட்டும் வசதி இருக்கிறது. பூட்டிய பிறகு ரேஷன் கடையில் அம்மா விரல் வைத்தால் இயந்திரம் ஏற்காது. போகுமுன் பிள்ளைகள் யாராவது கைப்பேசியில் சற்று நேரம் திறந்துவிட வேண்டும். தொல்லைதான். ஆனாலும் பூட்டி வைப்பதே மேல் என்பேன்.

பணம் போய்விட்டதென்றால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். பிறகு கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, நம்மிடமுள்ள பிரதியில் சீல் வாங்க வேண்டும். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. கிளையில் இதைச் சொல்லத் தயங்கவே கூடாது.

*

கடனே வாங்காதவர்களின் பான் எண்தான் மோசடிக்கு வாகானது. வீட்டில் இருக்கும் மனைவி, கல்லூரி முடித்த மகன். யாரும் எட்டிப் பார்க்காத கணக்கு. வங்கியில் கடன் கேட்கப் போகும்போதுதான் ஏதோ ஒரு செயலியில் தங்கள் பெயரில் கடன் நிலுவை இருப்பது தெரியவரும். யார் எங்கே கடன் வாங்கினார்கள் என்ற கணக்கை வைத்திருக்கும் சிபில் உட்பட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கிப் பார்த்தால் வருடம் முழுக்கக் கண் வைத்ததாகிவிடும்.

*

நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் 'என்னுடையதல்ல' என்று அங்கேயே புகார் செய்யலாம்.

*

அப்பா இறந்த வீடுகளில் கவனிக்காமல் விடுவது அவருடைய நம்பரை. அம்மாவின் பாஸ்புக், கேஸ், ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பரில்தான் பதிவாகியிருக்கும். இனி யார் பேசப் போகிறார்கள் என்று ரீசார்ஜை நிறுத்திவிடுகிறோம். இணைப்பு துண்டிக்கப்பட்டுக் குறைந்தது 90 நாள் கழித்து அந்த நம்பர் வேறொருவருக்குப் போகலாம். அதன்பின் அம்மாவுக்கு வர வேண்டிய ஓடிபி அவருக்குப் போகும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், கணக்கில் பணம் எடுத்த தகவல் அம்மாவுக்கு வராதே. ஆகவே முதலில் வங்கியிலும் ஆதாரிலும் அம்மாவுக்கென்று தனி நம்பரைப் பதிய வேண்டும். பிறகு கேஸ், ரேஷன், காப்பீடு. எல்லாம் மாறி முடிந்த பின் சிம்மை ஒப்படைக்கலாம். அதுவரை அப்பாவின் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருங்கள்.